கட்டையில் ஐந்து, கண்ணாடியில் ஆறு

"நீ ஆஸ்பத்திரிக்கு வர வேணாம்!"

சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் மாமியார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மகளுக்கென்று இரண்டு துண்டு, ஒரு போர்வை, ஒரு டம்ளர். காலை ஆறரை மணிக்கே ஆஸ்பத்திரிக்கும் சண்டைக்கும் சேர்த்துத் தயாராகிவிட்டிருந்தாள்.

அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பினாள்.

"என்ன அத்தை சொல்றீங்க?"

"தமிழ்லதானே சொன்னேன்? வர வேணாம். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறக்கறப்ப அவ உன் மூஞ்சியிலயா முழிக்கணும்? ஆறு வருஷம் முன்னாடி உனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. இன்னிக்கு என் பொண்ணுக்கு எடுக்கறாங்க. உனக்கு இல்லாதது இந்த வீட்டுல யாருக்குமே இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டியோ என்னமோ!"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மருமகள் அதைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த இருபது வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறாள். ஆனால் இது நெஞ்சைப் பிளந்துகொண்டு போயிற்று. கூடத்தில் அவள் கணவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எத்தனை மாடி உயரத்திலும் தொங்கிக்கொண்டு வேலை செய்வான். அம்மாவுக்கு எதிரில் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் தலை சுற்றிவிடும். அவிழாத கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

ஐந்து நாளாக அந்த வீடு இப்படித்தான் இருக்கிறது. நாத்தனாருக்கு முப்பத்தொரு வயது. இன்னமும் வீட்டில் எல்லோருக்கும் குட்டிதான். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. எட்டு மாதமாகக் கண்ட நாளில் கண்டபடி உதிரப்போக்கு. கர்ப்பப்பையின் உள்பூச்சிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது மருமகள் வேலை பார்க்கிற லேபுக்கே. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய். இன்று மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன். அதற்காகப் புருஷன் வீட்டிலிருந்து இங்கே வந்திருந்தாள்.

"அண்ணி..." உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வாங்களேன்."

குட்டி கட்டிலில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"ரெட்டைப் பின்னல் போட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க அண்ணி. எனக்குக் கையைத் தூக்க முடியலை."

மருமகள் பின்னால் உட்கார்ந்து வகிடு எடுத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது குட்டிக்குப் பதினோரு வயது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பிய கைதான் இது.

"அம்மா பேசினது கேட்டுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க... பயத்துல என்னென்னமோ உளறுது."

"நீ அதையெல்லாம் நினைக்காதே குட்டி."

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். யாரோ முன்ன பின்ன தெரியாதவங்க பார்க்கலை, நீங்க உங்க கையால வெட்டினீங்க. அன்னிக்கு வந்து சொன்னீங்களே... 'வரிசையில உன்னோடது பதினேழாவது குட்டி, தூக்கி முன்னாடி வெச்சு வெட்டிட்டேன், சீக்கிரம் ரிப்போர்ட் வந்துடும்'னு. கூடப் பொறந்த அக்கா இருந்தாக்கூட இப்படிச் செய்வாளான்னு நினைச்சுக்கிட்டேன்."

சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது.

அந்த வேலையை அறியாதவர்களுக்கு நாலு வரி. துணுக்கு வந்ததும் அதை மருந்தில் ஊறவைத்து, மெழுகுக்குள் புதைத்து, சின்னக் கட்டையாக ஆக்கிவிடுவார்கள். அந்தக் கட்டையைக் கத்தி பொருத்திய இயந்திரத்தில் சீவினால் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஏடுகள் நாடா நாடாக வரும். நாடாவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டால் ஏந்தி எடுக்க வேண்டும். அடுத்தவருடைய கட்டையைத் தொடுவதற்கு முன் தண்ணீரின் மேற்பரப்பைத் தாளால் துடைத்தாக வேண்டும். ஒருவருடைய துணுக்கு மிதந்துகொண்டிருந்து இன்னொருவர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

பதினெட்டு வருஷமாக அவள் துடைக்காமல் விட்டதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை?

பத்து மணிக்கு முதல் தட்டுக் கண்ணாடிகள் சாயம் ஏற்றப் போய்விடும்; லேபின் டாக்டரம்மா அன்றே பார்ப்பது அதை மட்டும்தான். அதைத் தவறவிட்டால் மறுநாள்தான். பத்தாக ஏழு நிமிஷம். யாரோ ஒரு பெண்ணின் கட்டையை வெட்டி நாடாவைத் தண்ணீரில் விட்டிருந்தாள். அதை அவசரமாக ஏந்தி வைத்துவிட்டு, வரிசையின் கீழேயிருந்து குட்டியின் கட்டையை உருவி இயந்திரத்தில் மாட்டினாள். மாட்டினது நினைவிருக்கிறது. சீவினது நினைவிருக்கிறது. துடைத்தது...?

துடைத்தேனா? கடவுளே, துடைத்தேனா?

"என்ன அண்ணி? ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்லடா." பின்னலை எப்படியோ முடித்தாள். "நான் லேபுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

வாசலில் செருப்பைத் தேடும்போது மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தியாடா உன் பொண்டாட்டி லட்சணத்தை! வர வேணாம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னா, இதுதான் சாக்குன்னு வேலைக்குக் கிளம்பறா! இன்னிக்குக்கூட லீவு போட மனசு வரலை இவளுக்கு!"

அவள் கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

*

லேபில் இன்னும் விளக்குகூடப் போடவில்லை. அலமாரியைத் திறந்து குட்டியின் கட்டையையும் கண்ணாடியையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

மெழுகுக்குள் துணுக்குகள் பழுப்பாகத் தெரிந்தன. எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

கண்ணாடியில் அதே துணுக்குகள் சாயம் ஏறி ஊதாவாக இருந்தன. எண்ணினாள். ஐந்து... ஓரத்தில் ஒன்று. ஆறு.

மறுபடி எண்ணினாள். விரலை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணினாள். கட்டையில் ஐந்துதான். கண்ணாடியில் ஆறுதான்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை. ரிப்போர்ட் எழுத அவளுக்கு உரிமையும் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷம் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமலா போகும்? ஐந்து துணுக்குகளும் சாதுவாக, ஒழுங்காக இருந்தன. ஆறாவதில்தான் அத்தனை அலங்கோலமும். ஐந்தும் தெளிவாகத் தெரியும்போது ஆறாவது மங்கியது. அதைத் தெளிவாக்கினால் மற்ற ஐந்தும் மங்கின. வேறு ஏடு, மேலே வந்து ஒட்டிக்கொண்டது. குட்டிக்கு முன்னால் வெட்டிய அந்தப் பெண்ணின் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அதே அலங்கோலம், துணுக்குத் துணுக்காக, கண்ணாடி முழுக்க.

நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கை... என் இந்தக் கைதான் அவள் வயிற்றைக் கிழிக்க வைத்திருக்கிறது!

எட்டரைக்கு மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, மெதுவா பேசுங்க... கதவைச் சாத்துங்க முதல்ல. சொந்தக்காரங்க கட்டையைத் தொடவே கூடாதுன்னு ரூல். நீங்க தொட்டு, வரிசையையும் மாத்தி, தண்ணியும் துடைக்கலைன்னா... வேலை போயிடும்க்கா!"

"ரெண்டு மணிக்கு ஆபரேஷன் சார்."

"அதான் சொல்றேன். இன்னும் ஆழமா வெட்டிப் பார்க்கணும்னு பொதுவா ஒரு விண்ணப்பம் எழுதுவோம். உங்க பேரே வராது. ரெண்டு நாள்ல..."

"ரெண்டு நாளா! சார், ரெண்டு மணின்னா அது ரெண்டு மணி! எடுத்ததைத் திருப்பி வைக்கவா முடியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் எழுந்துபோய் ஒரு தாளை எடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா வந்தது பத்து மணிக்கு. தாளைப் படித்தார். கண்ணாடியைப் பார்த்தார். கட்டையை எடுத்துத் துணுக்குகளை எண்ணினார்.

"பதினெட்டு வருஷம்," என்றார் கடைசியில். "உன்னை நம்பித்தானே இத்தனை பேரை இங்க பழக்கினேன்? நீயா இப்படிப் பண்ணினே?"

"தப்பு என்னோடதுதான் மேடம். என்ன வேணா பண்ணுங்க. அவ வயித்துல மட்டும் கை வெக்க விடாதீங்க... உங்க கால்ல விழறேன்!"

"எழுந்திரு முதல்ல. எண்ணிப் பார்க்காம நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." மணியை அழுத்தினார். "இந்தக் கட்டையை இன்னும் ஆழமா மூணு இடத்துல வெட்டணும். வேற ஆள் வெட்டட்டும். நீ தொடாதே."

நீ தொடாதே! அந்த வார்த்தை காலையில் கேட்டதையெல்லாம்விட வலித்தது. சுவரோடு ஒட்டி நின்று, தான் பழக்கிய பெண் தன் இயந்திரத்தில் உட்கார்ந்து வெட்டுவதைப் பார்த்தாள். அந்தப் பெண் தண்ணீரை மூன்று முறை துடைத்தாள். சாயம் ஏற்ற முக்கால் மணி நேரம். டாக்டரம்மா பார்க்க அரை மணி நேரம். இன்னொரு டாக்டரிடம் கொடுத்து, என்ன ஏது என்று சொல்லாமல், அவரையும் பார்க்கச் சொன்னார்.

இடையில் வீட்டுக்காரனுக்குப் பதினோரு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. அது மாமியாரின் பைக்குள் கிடந்திருக்கும். அவள் பேரைப் பார்த்துவிட்டு யார் எடுக்கப் போகிறார்கள்?

ஒன்றேகாலுக்கு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அஞ்சு துண்டுலயும் ஒண்ணும் இல்லை. மூணு ஆழத்துலயும் இல்லை. ஹார்மோன் கோளாறு, அவ்வளவுதான். மாத்திரையில சரியாகிற விஷயம்."

அவள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

"இன்னும் அழ நேரம் வரலை. ஆபரேஷன் டாக்டர் வேற கேஸ்ல உள்ள இருக்கார், போன் எடுக்கலை. நான் போட்டுக்கிட்டே இருக்கேன். நீ ஓடு! அவளை உள்ள தள்ளிட்டுப் போகாம பார்த்துக்கோ."

*

இரண்டு தெரு. ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஓடுவாள் என்று அவளே நினைத்ததில்லை. யார் மேலோ இடித்தாள், யாரோ திட்டினார்கள். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தபோது, தியேட்டர் வாசலில் குட்டி பச்சைத் துணி போர்த்திச் சக்கரக் கட்டிலில் கிடந்தாள். குட்டியின் கணவன் அப்போதுதான் படிவத்தை நர்சிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! தள்ளாதீங்க!"

ஓடிவந்து கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமியார் நொண்டிக்கொண்டே குறுக்கே பாய்ந்தாள்.

"வராதேன்னு சொன்னேனே, எதுக்குடி வந்தே? விடு கையை!"

"அத்தை, இன்னும் கொஞ்ச நேரம்... டாக்டரம்மா போன் பண்ணுவாங்க. ரிப்போர்ட் தப்பு! குட்டிக்கு ஒண்ணும் இல்லை!"

"தள்ளிப் போடச் சொல்றியா? உன்னோடதைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுத்தானேடி முத்த விட்டே! அந்தக் கதிதான் என் பொண்ணுக்கும் வரணுமா? அவளைச் சாகடிக்கப் பார்க்கறியா?"

"அது இன்னொருத்தரோட துண்டு அத்தை! நான்தான் தப்புப் பண்ணினேன்... தண்ணியைத் துடைக்கலை... எண்ணிப் பார்த்தேன், ஒண்ணு அதிகமா இருக்கு..."

மூச்சு வாங்கியதில் அவள் சொன்னது பாதிப் பேருக்குப் புரியவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள். நர்ஸ் அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மாமியார் கையை ஓங்கிவிட்டாள்.

"அம்மா! அண்ணி மேல கை வெச்சே... நான் எந்திரிச்சு நடந்து போயிடுவேன்!"

குட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"அண்ணி சொல்றதைக் கேட்காம நான் உள்ள போக மாட்டேன். அண்ணி, நிதானமா சொல்லுங்க. நான் கேட்கறேன்."

சொன்னாள். அழுதுகொண்டே, ஆனால் ஒன்றையும் மறைக்காமல். வரிசையை மாற்றியது, துடைக்க மறந்தது, கட்டையில் ஐந்து, கண்ணாடியில் ஆறு. அவள் முடிக்கும் முன் தியேட்டர் கதவு திறந்து ஆபரேஷன் டாக்டர் காதில் போனோடு வெளியே வந்தார். "சரி மேடம்... சரி... புரியுது," என்று சொல்லிவிட்டுப் படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"ஆபரேஷன் இல்லை. வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாப்பிட ஏதாவது குடுங்க."

குட்டியின் கணவன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். குட்டி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டி அண்ணியின் கையைத் தேடினாள்.

மாமியாருக்குத்தான் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழகிய இடத்தில் வைத்தாள்.

"பாவி! அஞ்சு நாளா சோறு தண்ணி இல்லாம இந்த வீடு செத்துக் கிடந்ததே, எல்லாம் உன் கையாலயா? நீ அன்னிக்கு ஒழுங்கா செஞ்சிருந்தா..."

"போதும்மா."

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் பேசினான். அவன் மனைவியே திரும்பிப் பார்த்தாள்.

"அவ ஏன் தன்னோடதைத் தள்ளிப் போட்டான்னு உனக்குத் தெரியுமா? இதே டெஸ்ட்டை அவளுக்கு எழுதிக் குடுத்தப்ப குட்டிக்குக் கல்யாணத் தேதி வெச்சிருந்தோம். நீ காலை உடைச்சுக்கிட்டுப் படுத்தே. அஞ்சு மாசம்! உன்னைத் தூக்கி உட்கார வெச்சது யாரு? கல்யாண வேலை பார்த்தது யாரு? ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடப்பா. நான் போலாம்னு கூப்பிட்டா, 'அத்தை எந்திரிக்கட்டும்ங்க... குட்டி நல்லபடியா புருஷன் வீடு போய்ச் சேரட்டும்'பா. அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார்ம்மா! யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. நானும்... நானும் கோழை மாதிரி சொல்லாமலே இருந்துட்டேன்."

"அண்ணி!" என்று குட்டி அலறினாள். "எனக்காகவா? ஏன் அண்ணி சொல்லலை? கல்யாணம் என்ன ஓடியா போயிடும்?"

மருமகள் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். அது சந்தோஷ அழுகையாக இல்லை. மாமியார் மகளின் கட்டிலை விட்டு நகர்ந்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே... இன்னும் எதுக்குடி அழறே?"

"அந்த ஆறாவது துண்டு ஒருத்தியோடது அத்தை. பேர்கூட எனக்குத் தெரியாது, வெறும் நம்பர். அவ ரிப்போர்ட் தப்பே இல்லை. அவளையும் இன்னிக்கோ நாளைக்கோ இப்படி ஒரு வாசலுக்குத் தள்ளிட்டு வருவாங்க. நிறுத்துங்கன்னு யாராலயும் ஓடி வர முடியாது. பக்கத்துல நிக்கவாவது யாராவது இருக்காங்களோ என்னமோ..."

மாமியார் எதிரே இருந்த தியேட்டர் கதவைப் பார்த்தாள். மகளை உள்ளே அனுப்ப இந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் என்ன பாடு படுத்திற்று என்பது அவளுக்குத்தான் தெரியும். மெல்லக் கேட்டாள்.

"உன்னை உள்ள தள்ளிட்டுப் போனப்ப... வாசல்ல யாருடி நின்னா?"

"யாரும் இல்லை அத்தை. அவர் குட்டியை ஊர்ல கொண்டு விடப் போயிருந்தார். அதுக்கு மேல தள்ளிப் போட முடியலை, நீங்க இன்னும் படுக்கையிலதான் இருந்தீங்க. ஒரு நர்ஸ் இருந்தாங்க... நல்லவங்க."

"படுக்கையிலதான் இருந்தேன். வாயும் படுத்தா கிடந்துச்சு? திரும்பி வந்தவகிட்ட வலிக்குதாம்மான்னு கேட்டேனா? ஒரு வார்த்தை கேட்டேனா? ஆறு வருஷமா அதையே சொல்லிச் சொல்லிக் குத்தினேனே... ஐயோ, என் தங்கமே!"

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். இருவரும் குலுங்கி அழுதார்கள். சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வந்த நர்ஸ், சொல்லாமல் திரும்பிப் போனாள்.

வெகுநேரம் கழித்து மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லேப்ல என்ன சொன்னாங்க?"

"எழுதிக் குடுத்துட்டேன் அத்தை. நாளைக்கு விசாரணை. அனேகமா வேலை போயிடும்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"உள்ள விடுவாங்களா என்னை?"

"விட மாட்டாங்க அத்தை. நான் மட்டும்தான் போகணும்."

"சரி, நீ உள்ள போ," என்றாள் மாமியார். "நான் வாசல்ல நிக்கிறேன்."